நல்ல கொலஸ்ட்ராலுக்கு ஒரு குறுக்கு விசாரணை

எச்.டி.எல். பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், பாதிப் பேர் கேள்வியோடு லேப் ரிப்போர்ட்டையும் இணைத்து அனுப்பிவிட்டீர்கள். நான் டாக்டர் இல்லை. ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டுக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ரா.கி., மன்னார்குடி
கேள்வி: என் எச்.டி.எல். 68. டாக்டர் பார்த்துச் சிரித்தார். இனி தைரியமாக பஜ்ஜி சாப்பிடலாம்தானே?

பதில்: அவர் சிரித்தது 68-ஐப் பார்த்தா, நீங்கள் பஜ்ஜியைப் பற்றிக் கேட்டதாலா? 60-க்கு மேல் இருந்தால் சலுகை உண்டு என்ற நினைப்பு சும்மா வந்துவிடவில்லை. 2001-இல் வெளியான அமெரிக்கக் கொலஸ்ட்ரால் வழிகாட்டி நெறிகள் மாரடைப்புக்கான அபாயங்களை ஒவ்வொன்றாக எண்ணச் சொன்னன. புகைபிடித்தால் ஒன்றைக் கூட்டு, ரத்த அழுத்தம் இருந்தால் ஒன்றைக் கூட்டு, எச்.டி.எல். 60-ஐத் தொட்டுவிட்டால் ஒன்றைக் கழி. அந்தக் கழித்தலைத்தான் ஊர் முழுக்க பஜ்ஜிக்கான அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அதன் மரியாதையைக் கெடுத்துவிட்டன. போகட்டும், உங்கள் ரிப்போர்ட்டில் எச்.டி.எல்.-க்குப் பக்கத்திலேயே எல்.டி.எல். என்று ஒரு வரி இருக்குமே, அது எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை பாருங்கள்.

ஜெ., ஓசூர்
கேள்வி: கொலஸ்ட்ராலில் நல்லது எது, கெட்டது எது என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?

பதில்: கொலஸ்ட்ரால் ஒன்றே ஒன்றுதான். நல்லதற்கும் கெட்டதற்கும் அணுவளவு வித்தியாசம்கூடக் கிடையாது. இதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, மூலக்கூறு அப்படியே அதேதான். அதைச் சுமந்து போகும் பொட்டலம்தான் வேறு. ரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர், கொழுப்போ தண்ணீரில் கரையாது. அதனால் உடம்பு கொழுப்பைப் புரதத்தோடு சேர்த்துப் பொதிந்து நுண்ணிய உருண்டைகளாக ரத்தத்தில் விடுகிறது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜான் காஃப்மன் 1940-களின் கடைசியில் ரத்தச் சீரத்தை அதிவேகச் சுழல் இயந்திரத்தில் போட்டுச் சுற்றி, இந்த உருண்டைகளை அடர்த்திவாரியாகப் பிரித்துக் காட்டினார். கொழுப்பு மிகுந்து லேசாக இருப்பது எல்.டி.எல்., அதைத்தான் கெட்டது என்கிறார்கள்; புரதம் மிகுந்து கனமாக, அளவில் சின்னதாக இருப்பது எச்.டி.எல்., அதுதான் நல்லது.

எல்.டி.எல். உருண்டை ஒவ்வொன்றின் மேலும் அபோ-பி என்ற புரதம் ஒன்று சுற்றியிருக்கும். ரத்தக் குழாயின் உட்சுவருக்குள் நுழைந்தால் அது அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அதை விழுங்க வெள்ளை அணுக்கள் வரும், விழுங்கிக் கொழுத்துப்போய் அவையும் அங்கேயே தங்கிவிடும். வருடக்கணக்கில் இது நடந்தால் அடைப்பு. அப்படிக் கொழுத்துக் கிடக்கும் அணுக்களிடமிருந்து எச்.டி.எல். கொலஸ்ட்ராலை வாங்கிக் கல்லீரலுக்குத் திருப்பி அனுப்புகிறது, அங்கிருந்து பித்தநீரோடு குடலுக்குப் போய் வெளியேறுகிறது. இந்தத் திரும்பும் பாதையை 1968-இல் விளக்கியவர் சியாட்டிலைச் சேர்ந்த ஜான் குளோம்செட். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! வம்பே அங்கேதான்.

க.ச., ஈரோடு
கேள்வி: அதற்கு இவ்வளவு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது யார்?

பதில்: ஒரு ஊர். பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபிராமிங்ஹாமில் 1948-இல் ஒரு ஆய்வு ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் 5,209 பேரைப் பதிவு செய்துகொண்டு, யாருக்கு மாரடைப்பு வருகிறது, அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பின்தொடர்ந்தார்கள். பேரப்பிள்ளைகள் தலைமுறை வரை அந்த ஆய்வு வந்துவிட்டது. 1977-இல் அங்கிருந்து வந்த அறிக்கை, எச்.டி.எல். குறையக் குறைய மாரடைப்பு கூடுகிறது என்று அடித்துச் சொன்னது. 1989-இல் நான்கு அமெரிக்க ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், ஒரு மில்லிகிராம் எச்.டி.எல். கூடுதலாக இருந்தால் அபாயம் ஆணுக்கு 2 சதவீதம், பெண்ணுக்கு 3 சதவீதம் குறைவு என்று கணக்குக் கொடுத்தார்கள். கணக்கைப் பார்த்த மருந்துக் கம்பெனிகளுக்குக் கை அரித்தது. ஒரு மில்லிகிராமுக்கே இவ்வளவு என்றால் முப்பதை ஏற்றிவிட்டால்?

எச்.டி.எல். இயல்பாகவே அதிகம் இருப்பவர்கள் யார் என்று யாராவது நின்று கேட்டிருக்கலாம். பெரும்பாலும் ஒல்லியானவர்கள், ஓடியாடுகிறவர்கள், புகை தொடாதவர்கள், சர்க்கரை இல்லாதவர்கள். அவர்கள் பிழைத்தது எச்.டி.எல்.-ஆலா, அல்லது எது அவர்களைக் காப்பாற்றியதோ அதுவே எச்.டி.எல்.-ஐயும் ஏற்றிவிட்டதா? ஃபிராமிங்ஹாம் ஆய்வை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது.

ந.வெ., கோயம்புத்தூர்
கேள்வி: கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க மாத்திரை இருக்கிறது. நல்லதை ஏற்ற ஒரு மாத்திரையை ஏன் யாரும் கண்டுபிடிக்கவில்லை?

பதில்: கண்டுபிடித்தார்கள் ஐயா, ஒன்றல்ல, நான்கைந்து. ஏற்றியும் காட்டினார்கள். கதையே அதற்கப்புறம்தான்.

ஃபைசர் கம்பெனியின் டார்செட்ராபிப்தான் முதல் நட்சத்திரம். எச்.டி.எல்.-இலிருந்து கொலஸ்ட்ராலை மற்ற உருண்டைகளுக்கு மாற்றிவிடும் சி.இ.டி.பி. என்ற புரதத்தை அது முடக்கியது. எச்.டி.எல். 72 சதவீதம் ஏறியது. உலகில் எந்த நடைப்பயிற்சியும் இப்படி ஏற்றாது. 15,067 பேரிடம் சோதனை நடந்துகொண்டிருந்தது. 2006 நவம்பர் கடைசியில் முதலீட்டாளர்கள் கூட்டத்தில் கம்பெனித் தலைவர் இந்த மருந்தை வானளாவப் புகழ்ந்தார். இரண்டே நாளில், டிசம்பர் 2 அன்று, சோதனையை நிறுத்தினார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 82 பேர் இறந்திருந்தார்கள், சாப்பிடாதவர்களில் 51 பேர். கம்பெனி அதில் கொட்டியிருந்தது சுமார் 80 கோடி டாலர்.

மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிட்டது, அதனால்தான் வினை, எச்.டி.எல். மேல் தப்பில்லை என்று வாதாடினார்கள். ஒப்புக்கொள்ளக்கூடிய வாதம்தான். அந்தக் குற்றம் இல்லாத தம்பிகளைக் களத்தில் இறக்கினார்கள். ரோஷ் கம்பெனியின் டால்செட்ராபிப் எச்.டி.எல்.-ஐ 30 சதவீதத்துக்கு மேல் ஏற்றியது, மாரடைப்பை இம்மியும் குறைக்கவில்லை. 2012-இல் மூட்டை கட்டினார்கள். லில்லியின் எவாசெட்ராபிப் எச்.டி.எல்.-ஐ இரண்டு மடங்குக்கு மேல் தூக்கியது. எண்ணைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பலன் பூஜ்யம், 2015-இல் அதற்கும் மங்களம். கடைசித் தம்பி மெர்க்கின் அனாசெட்ராபிப். 2017-இல் வந்த முடிவில், 30,449 பேரில் மாரடைப்பு முதலிய பாதிப்புகள் 9 சதவீதம் குறைந்திருந்தன. எச்.டி.எல். ஜெயித்துவிட்டது என்று எழுந்து நிற்காதீர்கள். அந்த மருந்து எல்.டி.எல். வகையறாவையும் குறைத்திருந்தது, அவ்வளவு குறைந்தால் எவ்வளவு பலன் வருமோ அதே 9 சதவீதம்தான் வந்தது. இரட்டிப்பான எச்.டி.எல். தன் பங்குக்கு ஒன்றும் சேர்க்கவில்லை. மெர்க் அதை விற்பனைக்கே கொண்டுவரவில்லை.

ரத்தக் குழாய் லேப் ரிப்போர்ட்டைப் படிப்பதில்லை என்பதை உலகத்துக்குச் சொல்லக் கிட்டத்தட்ட பத்து வருடமும் நான்கு கம்பெனிகளின் பணமும் ஆயிற்று.

த.மா., நாகர்கோவில்
கேள்வி: அப்பா பல வருடமாக நியாசின் மாத்திரை போடுகிறார். எச்.டி.எல். ஏறுமாம்.

பதில்: ஏறும். 25,673 பேரை வைத்துப் பிரிட்டன், ஸ்காண்டிநேவியா, சீனா ஆகிய இடங்களில் நடந்த சோதனையின் முடிவு 2014-இல் வந்தது. கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டினோடு நியாசினைச் சேர்த்துக் கொடுத்ததில் இதயத்துக்கு லாபமில்லை. சர்க்கரை நோய், தொற்று, ரத்தக்கசிவு ஆகியவைதான் கூடின. 2016-இல் ஸ்டாட்டினோடு சேர்த்து நியாசின் தரும் அனுமதியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பப் பெற்றது. அப்பாவின் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இன்னும் எதற்குக் கொடுக்கிறார் என்று டாக்டரிடம் கேளுங்கள், வேறு காரணம் இருந்தாலும் இருக்கும்.

எஸ்.பி., சிவகங்கை
கேள்வி: மருந்தை விடுங்கள். பிறவியிலேயே எச்.டி.எல். அதிகம் இருக்கிற குடும்பங்கள் உண்டே, அவர்களுக்கு மாரடைப்பு வராதுதானே?

பதில்: சரியான இடத்தில் கை வைத்தீர்கள். இயற்கை தானே நடத்திவைத்த சோதனை அது. 2012-இல் லான்செட் இதழில் இதைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் பாஸ்டனில் இருந்த சேகர் கதிரேசன். பெயரைக் கேட்டால் உங்கள் மாவட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குப் பிறவியிலிருந்தே எச்.டி.எல். ஐந்தாறு மில்லிகிராம் கூடுதல், மற்ற எண்களெல்லாம் சாதாரணம். பழைய கணக்குப்படி அவர்களுக்கு மாரடைப்பு 13 சதவீதம் குறைய வேண்டும். துளிகூடக் குறையவில்லை. எல்.டி.எல்.-க்கு இதே சோதனையை வைத்தால், பிறவியில் அதைக் குறைக்கும் மரபணுக்கள் எல்லாமே மாரடைப்பையும் குறைக்கின்றன.

2016-இல் இன்னொரு இடி. கல்லீரலில் எச்.டி.எல்.-இடமிருந்து சரக்கை இறக்கிக்கொள்ளும் ஏற்பி பழுதானவர்களைக் கண்டுபிடித்தார்கள். இறக்க இடமில்லாததால் எச்.டி.எல். ரத்தத்திலேயே தேங்கி, எண் எங்கேயோ போய் நிற்கிறது. இவர்களுக்கு மாரடைப்பு அபாயம் கூடுதல்!

மு.அ., காயல்பட்டினம்
கேள்வி: எச்.டி.எல். குறைவாக இருந்தும் நன்றாக வாழ்ந்தவர்கள் யாராவது உண்டா?

பதில்: ஊரே உண்டு. வட இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில், மலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது லிமோனே. எலுமிச்சைத் தோட்டங்களுக்குப் பெயர்போன ஊர். 1930-களில் சாலை வரும்வரை அங்கே போக வேண்டுமானால் படகு, இல்லாவிட்டால் மலைப்பாதை. அதனால் கொள்வினை கொடுப்பினை எல்லாம் உள்ளூரிலேயே. 1970-களில் அந்த ஊர்க்காரர் ஒருவர் மிலான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏகத்துக்கு அதிகம், எச்.டி.எல். மிக மிகக் குறைவு. அன்றைய பாடப்புத்தகப்படி அவருடைய ரத்தக் குழாய்கள் அடைத்துக் கிடக்க வேண்டும். சுத்தமாக இருந்தன. செசாரே சிர்தோரியும் அவர் குழுவினரும் விடவில்லை. குடும்பத்தைச் சோதித்தார்கள், பிறகு ஊரையே வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுத்தார்கள். சுமார் நாற்பது பேரிடம் எச்.டி.எல்.-இன் முக்கியப் புரதத்தில் ஒரே ஒரு எழுத்துப்பிழை. மாதா கோயில் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டே போனதில், எல்லோருக்கும் மூதாதையாகப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்த ஒருவர் வந்து நின்றார்.

அந்தப் புரதத்தை ஆலையில் செய்து ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். 2003-இல் ஒரு சின்னச் சோதனையில் அடைப்பு கொஞ்சம் கரைந்ததாகத் தெரிந்ததும் பத்திரிகைகள் குதித்தன. 2016-இல் மறுபடி ஒழுங்காகச் சோதித்தபோது ஒன்றும் தேறவில்லை. லிமோனேக்காரர்கள் மட்டும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

மறுகோடியில் அமெரிக்காவின் வர்ஜீனியாவை ஒட்டிய டாஞ்சியர் தீவு. 1960 வாக்கில் அந்தத் தீவுப் பையன் ஒருவனுடைய தொண்டைச் சதை பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. வெளியேற வழி இல்லாத கொலஸ்ட்ரால் அங்கே போய்க் குவிந்திருந்தது, எச்.டி.எல். கிட்டத்தட்ட இல்லவே இல்லை. டாஞ்சியர் நோய் என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். எச்.டி.எல். பூஜ்யம் என்றால் இளவயதிலேயே எல்லோருக்கும் மாரடைப்பு வந்திருக்க வேண்டும் அல்லவா? அபாயம் கூடுகிறது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை.

வி.ர., சென்னை
கேள்வி: எச்.டி.எல். ஒரு குப்பை வண்டி மாதிரி என்று எங்கள் டாக்டர் படம் போட்டு விளக்கினார். அவர் சொன்னது பொய்யா?

பதில்: பொய்யில்லை, பாதியில் நிறுத்திவிட்டார். டெப்போவில் எத்தனை குப்பை வண்டி நிற்கிறது என்று எண்ணிவிட்டுத் தெரு சுத்தம் என்று சான்றிதழ் கொடுக்க முடியுமா? டீசல் இல்லாமல் நிற்கிற வண்டியும் அந்த எண்ணிக்கையில் உண்டு. லேப் சொல்லும் 45, 50 எல்லாம் எச்.டி.எல்.-க்குள் எவ்வளவு கொலஸ்ட்ரால் இருக்கிறது என்பது மட்டும்தான். அது வேலை செய்கிறதா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. அணுக்களிலிருந்து கொலஸ்ட்ராலை உறிஞ்சும் திறனை நேரடியாக அளந்த ஆய்வுகள் 2011-இலும் 2014-இலும் வந்தன. திறன் அதிகம் உள்ளவர்களுக்கு, எண் எதுவானாலும், இதயப் பாதிப்பு குறைவாக இருந்தது. சர்க்கரை நோயிலும் நாள்பட்ட அழற்சியிலும் இந்தத் திறன் மங்கிவிடுகிறது.

சரி, திறனையாவது ஏற்றலாமே என்று அதற்கும் மருந்து வந்தது. மாரடைப்பு வந்தவர்கள் 18,219 பேரைச் சேர்த்து, எச்.டி.எல். புரதத்தை ஊசியில் ஏற்றும் சோதனையின் முடிவு 2024-இல் வெளியானது. முதல் மூன்று மாதத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. திறனை அளக்கும் பரிசோதனையை உங்கள் தெரு லேபில் தேடாதீர்கள். அது ஆராய்ச்சிக்கூடச் சமாச்சாரம்.

இ.ப., மதுரை
கேள்வி: என் எச்.டி.எல். 32. இத்தனையும் படித்த பிறகு, எனக்குக் கவலை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: தம்பி, அவசரப்படாதீர்கள். எச்.டி.எல்.-ஐ ஏற்றுவதால் லாபமில்லை என்பதும், அது குறைந்திருந்தால் பாதகமில்லை என்பதும் ஒன்றல்ல. அது எதனால் குறைந்தது என்று தேட வேண்டும்.

நம் ஊரில் அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். 2014-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் ஆய்வு தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் ரத்தம் எடுத்துப் பார்த்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகம் இருந்தவர்கள் 13.9 சதவீதம்தான். எச்.டி.எல். குறைவாக இருந்தவர்கள் 72.3 சதவீதம்! நூற்றுக்கு எழுபத்திரண்டு பேருக்குப் பிறவிக் கோளாறா இருக்க முடியும்? வயிற்றைப் பாருங்கள். தொப்பையிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் சொன்ன பேச்சு எடுபடுவதில்லை. கல்லீரல் டிரைகிளிசரைடைச் செய்து ரத்தத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். அது எச்.டி.எல்.-க்குள் புகுந்து, அதிலிருக்கும் கொலஸ்ட்ராலை வெளியேற்றிவிடும். நோஞ்சானாகிப்போன எச்.டி.எல். சீக்கிரமே சிதைந்து சிறுநீரகம் வழியாகக் கழிந்துவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் எச்.டி.எல். 32-க்கு மேலேயோ கீழேயோ டிரைகிளிசரைடு 200-ஐத் தாண்டி நிற்கும் என்று பந்தயமே கட்டலாம்.

ஆக, இன்ச் டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். நம்மவர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80, அதற்கு மேல் கூடாது. சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை, நடுவில் நாலு டீ, டீக்கு ரெண்டு பிஸ்கட் என்று எல்லாமே மாவும் சர்க்கரையுமாகப் போகிறதா என்று யோசியுங்கள். சோற்றைப் பாதியாக்கிப் பயறு, சுண்டல், மீன், காய் என்று தட்டை நிரப்பினால் முதலில் டிரைகிளிசரைடு இறங்கும். எச்.டி.எல். கொஞ்சம் ஏறும், ஏறாமலும் போகும். போனால் போகட்டும்.

பெயர் வேண்டாம், புதுச்சேரி
கேள்வி: தினம் அறுபது எம்.எல். போட்டால் நல்ல கொலஸ்ட்ரால் ஏறும் என்று நண்பர் சொல்கிறார். அவர் படித்தவர்.

பதில்: எண் ஏறும், உண்மைதான். கூடவே டிரைகிளிசரைடும் ரத்த அழுத்தமும் ஏறும். அந்த எச்.டி.எல். இதயத்தைக் காப்பாற்றுகிறது என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. இதுவரை வந்த பதில்களை நண்பருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஊற்றுவதற்கு முன்னால்.

சி.த., யாழ்ப்பாணம்
கேள்வி: எங்கட வீட்டில தேங்காய்ப்பால் இல்லாமல் கறி இல்லை. தேங்காய் எண்ணெய் நல்ல கொலஸ்ட்ராலைக் கூட்டும் என்று சொல்லினம். உண்மையோ?

பதில்: பாதி உண்மை. 2020-இல் பல சோதனைகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எச்.டி.எல்.-ஐ 4 மில்லிகிராம் கூட்டுகிறது, எல்.டி.எல்.-ஐ 10 மில்லிகிராம் கூட்டுகிறது. சொன்னவர்கள் முதல் எண்ணோடு நிறுத்தியிருப்பினம். எச்.டி.எல்.-இல் கூடிய 4 எதற்கும் உதவாது என்று மேலே பார்த்தோம், எல்.டி.எல்.-இல் கூடிய 10 நிச்சயம் கணக்கில் ஏறும். கறிக்குத் தேங்காய்ப்பால் விடுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். மருந்து என்று நினைத்துக் கரண்டியால் எண்ணெய் குடிக்காதீர்கள்.

லோ., திருப்பூர்
கேள்வி: 'கொலஸ்ட்ரால் இல்லாத' கடலை எண்ணெய் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதே?

பதில்: எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. எலும்பில்லாத வாழைப்பழம் என்று போடாமல் விட்டார்களே.

ச.மீ., வேலூர்
கேள்வி: எச்.டி.எல்.-ஐ ஒரேயடியாக இறக்கும் உணவு எது?

பதில்: வனஸ்பதியில் வந்த டிரான்ஸ் கொழுப்பு. எல்.டி.எல்.-ஐ ஏற்றி எச்.டி.எல்.-ஐயும் இறக்கும் இரட்டை வேலைக்காரன். 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சட்டம் போட்டிருக்கிறது. பேக்கரி பப்ஸ் எந்தக் கொழுப்பில் சுட்டது என்று கேட்டால் கடைக்காரர் முறைப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.

பா.கு., கிள்ளான்
கேள்வி: நீங்கள் 40, 50 என்கிறீர்கள். என் ரிப்போர்ட்டில் எச்.டி.எல். 1.1 என்று இருக்கிறது. நான் உயிரோடுதான் இருக்கிறேனா?

பதில்: சுகமாக இருக்கிறீர்கள். மலேசியாவில் மில்லிமோல் கணக்கு, இந்தியாவில் மில்லிகிராம் கணக்கு. 38.67-ஆல் பெருக்குங்கள். உங்களுக்கு 42 அல்லது 43.

டி.ஆர்., கும்பகோணம்
கேள்வி: ஒரே அடுப்பு, ஒரே சாம்பார். மனைவிக்கு 58, எனக்கு 37. என்ன நியாயம்?

பதில்: ஈஸ்ட்ரோஜன் நியாயம். பெண்களுக்கு இயல்பிலேயே அதிகம். அதனால்தான் ஆணுக்கு 40-க்குக் கீழே, பெண்ணுக்கு 50-க்குக் கீழே என்று தனித்தனிக் கோடு. மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் எச்.டி.எல். ஏறும், இதயமும் பிழைக்கும் என்று ஒரு காலத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். எச்.டி.எல். ஏறியது. 2002-இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று இதயத்துக்குப் பாதுகாப்பில்லை என்று சொல்லிவிட்டது. இந்தக் கதையில் எத்தனையாவது முறை! அது சரி, சாம்பார் ஒன்றுதான். வாயில் சிகரெட்டும் ரெண்டு பேருக்கும் ஒன்றா?

கோ., சேலம்
கேள்வி: லேப்காரர் கடைசி வரியில் விகிதம் என்று ஒன்று போடுகிறார். எனக்கு 3.5, நார்மல் என்று அச்சடித்திருக்கிறது. போதுமா?

பதில்: ரெண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 160, எச்.டி.எல். 40. வகுத்தால் விகிதம் 4. இரண்டாமவருக்கு மொத்தம் 280, எச்.டி.எல். 80. விகிதம் உங்களுடைய அதே 3.5. குறைந்தால் நல்லது என்பதால் முதலாமவரைவிட மேல். இருவருக்கும் டிரைகிளிசரைடு 150 என்றால், லேப் வழக்கமாகப் போடும் சூத்திரப்படி (மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பது) முதலாமவரின் எல்.டி.எல். 90, இரண்டாமவருடையது 170. சிகிச்சை யாருக்குத் தேவை? கூட்டம் கூட்டமாக அபாயத்தைக் கணிக்க விகிதம் உதவும். ஒரு தனி ஆளுக்கு வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால், மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள். 120, 200. லேப்காரர் அதற்குத் தனிக் காசு கேட்க முடியாது.

அ.நி., திருச்சி
கேள்வி: எனக்கு எச்.டி.எல். 118. குடும்பமே கொண்டாடுகிறது.

பதில்: கேக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2017-இல் வந்தது. எச்.டி.எல். 116-க்கு மேல் இருந்த ஆண்களில் மரணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பெண்களில் 135-க்கு மேல் இருந்தவர்களுக்கும் அபாயம் கூடுதல். இதுவும் ஃபிராமிங்ஹாம் மாதிரிப் பின்தொடரும் ஆய்வுதான், எச்.டி.எல்.-தான் கொன்றது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மதுவும் எண்ணை ஏற்றும், பழுதான மரபணுவும் ஏற்றும். பயப்பட வேண்டாம், ஆனால் காரணம் என்ன என்று ஒருமுறை டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

ஹெச்., ராமநாதபுரம்
கேள்வி: ஆறு மாதம் விடாமல் நடந்தேன். எச்.டி.எல். ரெண்டே ரெண்டு ஏறியிருக்கிறது. செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

பதில்: சராசரியைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டீர்கள். ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தால் உடற்பயிற்சியால் ஏறுவது இரண்டரை மில்லிகிராம்தான். நடையின் லாபம் வேறு வரிகளில் விழுகிறது: ரத்த அழுத்தம், சர்க்கரை, டிரைகிளிசரைடு, இடுப்பு. செருப்பு புதிதாக வாங்குங்கள்.

கா.ப., விருதுநகர்
கேள்வி: ஸ்டாட்டின் ஆரம்பித்து ஒரு வருடம். எல்.டி.எல். 160-லிருந்து 80-க்கு வந்துவிட்டது, எச்.டி.எல். அப்படியே நிற்கிறது. மருந்து பாதிதான் வேலை செய்கிறதா?

பதில்: முழு வேலையும் செய்துவிட்டது. எல்.டி.எல். 39 மில்லிகிராம் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் சுமார் 22 சதவீதம் குறைகின்றன. லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட சோதனைகளைத் திரட்டிப் போட்ட கணக்கு இது. உங்களுக்கு 39 இரண்டு தடவை குறைந்திருக்கிறது. எச்.டி.எல். நிற்கட்டும், அது யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை.

ரே., தர்மபுரி
கேள்வி: எச்.டி.எல். ஏற்றும் மூலிகைப் பொடி, ஆன்லைனில் 999 ரூபாய். வாங்கலாமா?

பதில்: 80 கோடி டாலர் செலவழித்து 72 சதவீதம் ஏற்றியவர்களே என்ன ஆனார்கள் என்று மேலே படித்தீர்கள்.

ஓ., நாமக்கல்
கேள்வி: ரத்தம் கொடுக்கப் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி கிடந்தே ஆக வேண்டுமா?

பதில்: முதல் பரிசோதனைக்கு அவசியமில்லை என்று 2016-இலேயே ஐரோப்பிய வல்லுநர்கள் சொல்லிவிட்டார்கள். சாப்பிட்டபின் எச்.டி.எல். அதிகம் மாறுவதில்லை. டிரைகிளிசரைடு மிக அதிகமாக வந்தால் மட்டும் இன்னொரு நாள் வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்வார்கள். பிரியாணி சாப்பிட்ட கையோடு போகாதீர்கள், அவ்வளவுதான்.

ஐ.ம., தூத்துக்குடி
கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒருவர். நாற்பத்தைந்து வயது. எல்.டி.எல்., எச்.டி.எல். எல்லாம் கோட்டுக்குள்தான். சிகரெட் இல்லை, சர்க்கரை இல்லை. போன மாதம் மாரடைப்பு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: பிழைத்துவிட்டார் என்று நம்புகிறேன். சாதாரண லிப்பிட் ரிப்போர்ட்டில் வராத ஒன்று உண்டு: லிப்போபுரோட்டீன்-ஏ. ஓஸ்லோவில் கோரெ பெர்க் 1963-இல் கண்டுபிடித்தது. எல்.டி.எல். உருண்டையின் மேல் இன்னொரு புரதம் வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். சுவரில் ஒட்டுவது, ரத்தம் உறைவதற்கு ஒத்தாசை செய்வது என்று இரண்டு பக்கமும் தொல்லை. உங்கள் அளவு எவ்வளவு என்பது அப்பா, அம்மா கொடுத்த மரபணுவிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடும். நடையாலும் உணவாலும் அதிகம் அசைக்க முடியாது. அதனால் வருடா வருடம் பார்க்க வேண்டியதுமில்லை, வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும் என்று 2019-இல் ஐரோப்பிய இதயநோய் மருத்துவர்கள் பரிந்துரைத்தார்கள். அதிகம் என்று தெரிந்தால் எல்.டி.எல்.-ஐ மற்றவர்களைவிட இன்னும் கீழே இறக்கி வைக்க டாக்டர் முயல்வார். நண்பருக்கு அது அதிகமா என்று எனக்குத் தெரியாது. பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு அதிகம் என்று வந்தால், அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளையும் பிள்ளைகளையும் லேபுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.